ரவுணுக்க மழையோ?

துறைமுக வீதி ஐஸ்கிரீம் கடையில் ஷெரின், தோழி தினுஷாவின் போனைப் பறித்து, 'ஜக்சன்' என்ற பெயரில் வந்திருந்த குரல்பதிவைத் தட்டினாள்.

"பிள்ளை, ரியூசன் முடிஞ்சுதோ? ரவுணுக்க மழையோ?"

"டியூசன் ரியூசனாம், டவுன் ரவுணாம்! ஆரடி இது?" ஷெரின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வீட்டுக்கு மீன் கொண்டு வாற ஆள்," என்றாள் தினுஷா அவசரமாக.

"அவரை மாதிரியே பதில் சொல்லு பாப்பம்!"

சிரிப்பு தன் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்ற பயம் தினுஷாவுக்கு. "ஓமோம், ரியூசன் முடிஞ்சுது. ரவுணுக்க நல்ல மழை!" என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். ஷெரின் அதைப் பதிந்து அனுப்பியே விட்டாள். தினுஷா ஐஸ்கிரீமைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மாலையில் அவளுடைய ஊரான குச்சவெளியில் பஸ் நின்றது. ஒரு துளி மழையும் இல்லை. ஆனாலும் அப்பா ஜக்சன் குடையோடு காத்து நின்றார். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"கேட்டனான், பிள்ளை," என்றார் அவர். "ரவுண் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளிலயிருந்து நீ என்னோட ஆரோ பெரிய இடத்துப் பிள்ளை மாதிரித்தான் கதைக்கிறனீ. இண்டைக்குத்தான் என்ர பிள்ளையாக் கதைச்சிருக்கிறாய். கரையில, மீன்வாடியில எல்லாருக்கும் போட்டுக் காட்டினனான். அதை அழிக்கவே மாட்டன்."