கைதட்டல் விழுந்த இடம்

மரகதவல்லி டீச்சர் ஆண்டுவிழாவுக்கு எழுதிய ஆங்கில வரவேற்புரையில் ஆச்சரியக்குறிகள் வரிக்கு மூன்றாக நின்றன. முற்றுப்புள்ளிக்குக் கடைசி வரியின் முடிவில் மட்டும்தான் இடம் கிடைத்தது.

"ஏய் பொடியா, நீ நிக்கிறதே யாருக்கும் தெரியல. எதுக்கு வந்தே?" என்றது ஓர் ஆச்சரியக்குறி.

"டீச்சர் மூச்சு விட ஒரு இடம் வேணும்ல?" என்றது முற்றுப்புள்ளி.

ஆச்சரியக்குறிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

மேடையில் டீச்சர் முதல் வரியைக் கத்தினார். இரண்டாவதையும் கத்தினார். மூன்றாவதில் தொண்டை கட்டியது, நான்காவதில் இருமல் வந்தது. எங்கே கைதட்டுவது என்று தெரியாமல் கூட்டம் விழித்தது.

"இங்கே வாங்க டீச்சர், இன்னும் ஒரே வரிதான்" என்று முற்றுப்புள்ளி கூப்பிட்டது.

டீச்சர் தட்டுத்தடுமாறி அங்கே வந்து நின்றார். நன்றாக மூச்சு விட்டார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அரங்கம் அதிரக் கைதட்டல் எழுந்தது.



டீச்சர் நாற்காலிக்குத் திரும்பியதும் நன்றியுரைத் தாளை எடுத்தார். அதிலிருந்த ஆச்சரியக்குறிகளை எல்லாம் அடித்துவிட்டு, வரிக்கு ஒரு புள்ளி வைத்தார்.

அந்தத் தாளிலிருந்து வரிசையாகக் குரல் வந்தது. "அண்ணே, நாங்களும் வந்துட்டோம்."