கிண்ணத்தில் பொறித்த வருடம்

எண்பத்திரண்டாவது நிமிடத்தில் கோட்டோரமாக ஆள் மாற்றும் பலகை நான்காம் எண்ணோடு உயர்ந்தது.

ஸ்டெல்லன் பலகையைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். நான்குதான்.

கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டம், அக்டோபர் மழை. நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். முன்னால் இருக்கும்போது நடுத் தடுப்பாட்டக்காரனை யாரும் வெளியே எடுப்பதில்லை.

அவன் வெளியே வந்தபோது மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. மொத்தம் என்றால் அறுநூறு பேர், இரண்டு நாய்கள். யாருக்கு இந்த மரியாதை என்று ஸ்டெல்லன் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவரும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தானும் இரண்டு தட்டுத் தட்டிவைத்தான்.

"எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு? ஏன் எடுத்தே?" என்று பயிற்சியாளர் பெங்க்டிடம் கேட்டான்.

பெங்க்ட் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார், மழை பெய்கிறதா என்று சோதிப்பவரைப் போல.

எங்கள் நோர்ஃபோர்ஸ் கிளப்புக்குப் பதினேழு வருடம் ஆடியவன். முந்நூற்றுத் தொண்ணூற்றொரு ஆட்டம், நான்கு கோல். அதில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே. மூக்கு இரண்டு தரம் உடைந்திருக்கிறது. இரண்டாம் தரம் உடைத்தது எங்கள் கோல்கீப்பர்.

முப்பத்தாறு வயதில் அவன் கேட்டதெல்லாம் இன்னும் ஒரே ஒரு வருடம். வேறு வேலை அவனுக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லிக்கொண்டதும் இல்லை. அடுத்த பருவத்துக்குப் புது பூட்ஸ் வாங்கி, செருப்பைக் கழற்றாமல் யாரும் வீட்டுக்குள் நுழையாத ஊரில், வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டு நடந்து பதமாக்கிக்கொண்டிருந்தான்.

அவன் வேண்டாம் என்பது செப்டம்பரிலேயே முடிவாகிவிட்டது.

கமிட்டியில் ஆறு பேர், நான்கு மணி நேரம், மூன்று கூஜா காபி. எங்களூரில் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. வாக்கெடுப்பு வைப்பது முரட்டுத்தனம். புதிய தலைமுறை, எதிர்காலம் என்று சுற்றிச் சுற்றிப் பேசி, கடைசி ஆளும் தலையாட்டும்வரை காத்திருந்து, பிறகு இன்னொரு கோப்பை குடிப்போம். விஷயத்தை ஸ்டெல்லனிடம் பக்குவமாகத் தெரிவிக்க வேண்டும் என்பதிலும் ஆறு பேருக்கும் ஒரே கருத்து.

தெரிவித்தாயிற்று என்று தலைவர் ரூனே நினைத்துக்கொண்டிருந்தார். பெங்க்டும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்.

அவன் வெளியே வந்த மூன்றாம் நிமிடம், அவன் வழக்கமாக நிற்கும் இடத்தில் பந்து வந்து விழுந்தது. அங்கே புதிய தலைமுறை முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு ஒன்று.

"பூட்டைக் கழட்டி வீசிட்டு, இப்ப கதவைச் சாத்திப் பாக்குறாங்க," என்றாள் தொத்திறைச்சி விற்கும் மார்கித், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் மைக் வைத்தார்கள். குளியல் தொட்டி வியாபாரம் செய்யும் ரூனே, பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் வைத்திருந்த உரையைப் படித்தார். முதல் வாக்கியத்தில் ஸ்டெல்லன் பைன் மரமாக இருந்தான். அதே வாக்கியத்தில் பாறையானான். கோட்டையாகவும் ஆனான். நான்காவதாக என்ன ஆனான் என்பதைக் காற்று கொண்டுபோய்விட்டது.

பிறகு பூங்கொத்து. பிறகு கண்ணாடிக் கிண்ணம்.

ஏதோ விருது என்ற சிரிப்போடுதான் ஸ்டெல்லன் வாங்கினான். ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பொறித்திருந்ததைப் படித்தான். அவன் பெயர். அதன் கீழே 1979, சின்னதாக ஒரு கோடு, 1996. கல்லறையில் போடுவார்களே, அதே கோடு.

முதல் வருடத்தைக் கட்டைவிரலால் தடவினான். இரண்டாவதில் விரல் நின்றுவிட்டது.

கிண்ணத்துக்குச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. எங்கேயோ காட்டுக்குள் கண்ணாடிப் பட்டறையில் எழுத்துப் பொறிக்கிறவனுக்குக்கூட ஸ்டெல்லனுக்கு முன்பே தெரியும்.

ரூனே வாழ்த்தொலி எழுப்பச் சொன்னார். எங்கள் வழக்கப்படி நான்கு முறை கத்தினோம். நான்காவதில் ஸ்டெல்லனும் வாயைத் திறந்தான். கிண்ணத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

மைக்கை அவனிடம் நீட்டினார்கள்.

"நன்றி. கிண்ணம் ரொம்ப அழகா இருக்கு," என்றான்.

காலை வாரிவிட்டவனிடமும் நாங்கள் நன்றிதான் சொல்வோம்.

பிறகு வரிசையாக நின்ற ஆறு பேருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தான். கடைசி ஆள் நான். கொடுத்த கையை அவன் உடனே எடுக்கவில்லை. கோபமும் இல்லை முகத்தில்.

"வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தியே. இதச் சொல்லத்தானா?"

தெரிவிக்கும் பொறுப்பு செயலாளருக்கு என்று கமிட்டிப் பதிவேட்டில் தெளிவாக இருக்கிறது. எழுதியவன் நான். செயலாளரும் நான்.

வியாழக்கிழமை அவன் மனைவி மோனா பட்டைத்தூள் பன்னைச் சுடச்சுட எடுத்து வைத்தாள். மூன்று தின்றேன். தரை கீறாமலிருக்க அவள் விரித்துக் கொடுத்த பழைய கம்பளத்தில் புது பூட்ஸோடு நடந்துகொண்டே, ஸ்டெல்லன் ஒரு கடிதத்தைக் காட்டினான். டென்மார்க்கில் ஒரு கிளப். இரண்டு வருட ஒப்பந்தம். உடனே பதில் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

இந்தக் கிளப்பை விட்டுவிட்டு எப்படிப் போவது, நீயே சொல் என்று என்னைத்தான் கேட்டான்.

வாய் நிறைய பன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் உட்கார்ந்து நான்கு வரி எழுதினான். அழைத்ததற்கு நன்றி, நான் இங்கேயே இருக்கிறேன் என்று. உறையை நாக்கால் ஒட்டினான்.

தபால் பெட்டி என் வழியில்தான் இருந்தது. நானே வாங்கிக்கொண்டு போய்ப் போட்டேன்.