ஸ்காவ் கரையில் ஓஸ்லா

குளிர்காலமாதலால் பகல் இரண்டரை மணிக்கே வெளிச்சம் மங்கிக் கடலில் கரைகிறது. அன்ஸ்ட் தீவின் ஸ்காவ் மணற்கரையில் ஓஸ்லா குனிந்தபடி நடக்கிறாள். காற்று அவளைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒதுங்கிக் கிடக்கும் பாசிக் குவியலைக் கழியால் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த குவியலுக்குப் போகிறாள். கணவன் கிப்பியின் மீன்பிடிப் படகு கவிழ்ந்து அறுபத்து மூன்று நாளாகிறது. தேடப் போனவர்கள் எப்போதோ திரும்பிவிட்டார்கள். அவள் மட்டும் தன்னந்தனியாக, தீவு தீவாக, ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தின் கரைகளையெல்லாம் நடந்து தீர்த்திருக்கிறாள்.

அந்தக் கரையோரம் ஆடு வளர்க்கும் லௌரி மந்தையை ஓட்டிக்கொண்டு வருகிறான். "இந்தக் காத்துல இங்க என்னம்மா பண்றே? என் தொப்பி மூணு இந்நேரம் நார்வே போய்ச் சேர்ந்திருக்கும்!" என்று சிரிக்கிறான். அவள் நிமிர்ந்ததும் அந்தச் சிரிப்பு அடங்குகிறது. "கவுந்துச்சே, அந்த வால்சே தீவுப் படகா?"

அவள் தலையாட்டுகிறாள். "ஏதாச்சும் ஒதுங்குச்சாண்ணே?"

"ஒரு கையுறை. அதோ, வேலிக் கம்பியில மாட்டி வச்சிருக்கேன்."

ஓடிப்போய் எடுக்கிறாள். உப்பு பூத்து விறைத்த கம்பளிக் கையுறை. மெல்லப் பிரித்து மாட்டிப் பார்க்கிறாள். அவளுக்கே அளவாக இருக்கிறது. கிப்பியின் கை இதற்குள் நுழையவே நுழையாது.

"இதுக்கு வடக்க எந்தத் தீவுண்ணே?"

"தீவு ஏதும் இல்லம்மா. ரெண்டு பாறை இருக்கு. அப்புறம் தண்ணிதான்."

யாருடையதென்று தெரியாத கையுறையைக் கழற்றாமலே ஈர மணலில் உட்கார்ந்துவிடுகிறாள். லௌரி அவளை எழுப்பவில்லை. காற்று வரும் பக்கமாக நகர்ந்து மறைப்பாக நின்றுகொள்கிறான். ஆடுகள் தாமாகவே வீட்டுப் பக்கம் திரும்பி நடக்கின்றன.