முதல் பிடி

காலம் தப்பும் மழையையும் தாங்கட்டும் என்று அரசாங்கமே உருவாக்கிய நெல்விதைகள், தகரக் கொட்டகையில் மூட்டையாய்க் கிடந்தன.

"வெளிய மழை பெய்யுதே, எப்ப விதைப்பாங்க?" என்றது ஒரு விதை.

"முதல் பிடியை அமைச்சர்தான் தூவணுமாம். தேதி கெடைக்கல," என்றது கோணி.

மழை போய் வெயில் வந்தது. தகரம் கொதித்தது. பக்கத்து விதைகள் ஒவ்வொன்றாய்ப் பேச்சை நிறுத்தின. அந்த விதை மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. போகப்போக, கோணிகூட அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஒருநாள் மேளம் முழங்க அமைச்சர் வந்து முதல் பிடியைத் தூவினார். கைதட்டல் ஓய்ந்ததும் ஈரமண் கேட்டது: "யாராவது உசுரோட இருக்கீங்களா?"

"நான் இருக்கேன், தாயி!" என்று கத்தியது விதை.

மண் காத்திருந்து பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டது: "ஒருத்தர்கூடவா இல்ல?"