முக்கால் அங்குலம்

கடலூர் கிளினிக்கின் ஜன்னலில் சாயங்கால வெயில். டாக்டர் இளவரசு எக்ஸ்ரே படத்தை மூன்றாம் முறையாக அளக்கிறார். ஆறு வயதுச் சிறுமியின் இரண்டு கால்களும் ஒரே நீளம்தான். எலும்பில் ஒரு குறையும் இல்லை. "இன்னொரு தடவ நடந்து காட்டும்மா." அவள் கதவுவரை போகிறாள். இடது கொலுசு ஓங்கி ஒலிக்கிறது, வலது முனகுகிறது, தோள் சாய்ந்து எழுகிறது. அந்த நடையை அவருக்குத் தெரியும். முறிந்த எலும்பு கூடுவதைப் பற்றி நாற்பது ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதிய கை, பன்னிரண்டு வருடத்துக்கு முன் மேல்பட்டாம்பாக்கம் குமரவேலின் உடைந்த இடது தொடையை முக்கால் அங்குலம் குட்டையாகச் சேர்த்துவிட்டது. எந்தக் கட்டுரையிலும் அது இல்லை. "யார் கையப் புடிச்சு நடக்கப் பழகுச்சு?" என்கிறார். "அவுங்கப்பா கையத்தான் சார்," என்கிறாள் சிறுமியின் தாய், குமரவேலின் மனைவி. "அவுரு போயிச் சேந்து ரெண்டு வருசம் ஆவுது. அவர நடக்க வெச்சவரு நீங்கதானன்னு இவளையும் இங்கயே கூட்டியாந்தேன்." அவர் படத்தைப் பார்த்தபடியே சொல்கிறார், "பயப்பட ஒன்னுமில்ல. பயிற்சி குடுத்தா நேரா நடந்துடும்." தாயின் முகம் மலரவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள். "நேராயிடுச்சுன்னா, வூட்டுல அவுரு நடக்குற சத்தம் கேக்காதுல்ல சார்?" கதவருகிலிருந்து சிறுமி திரும்பி நடக்கிறாள். இளவரசு கண்களை மூடிக்கொள்கிறார். குமரவேல் அவரை நோக்கி நடந்து வருகிறான்.