பாலத்து இறக்கம்

“நின்னுடுச்சு, பாத்தியா? நான் சொன்னப்போ சிரிச்சியே!” என்றார் டிரைவர்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் செத்துப்போன லாரி, துளிச் சத்தமில்லாமல் உருண்டு பாலத்தைத் தாண்டி அக்கரை மேட்டில்தான் நின்றது. பெட்ரோலில் ஓடும் அந்தக் காலத்து வண்டி. ஒரே வாரத்தில் இது நாலாவது முறை, அதே இடத்தில்.

பக்கத்து இருக்கையில் இருந்தவன் வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவன். ‘கரண்டு’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். காலையிலிருந்து, இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் பாயின்ட், கண்டன்சர், காயில், பிளக் என்று ஒன்று விடாமல் மாற்றியிருந்தான்.

“கிழவிக்குக் கல்யாணப் பொண்ணு மாதிரி எல்லாம் புதுசு போட்டாச்சு அண்ணே. இனிமே இவ நிக்கவே கூடாது.”

“இவ மேல குத்தமில்ல, கரண்டு. வேற ரோட்டுல தங்கமா ஓடுறா. இந்த எடத்துலதான் என்னமோ இருக்கு. பிடரியில யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு. கை மரத்துப் போகுது, என் கையாவே இல்ல.”

“பேய்க்கு இந்த ஓட்டை லாரிதான் கெடைச்சுதா?” என்று கேட்டான். கேட்டானே தவிர, சிரிப்பு வரவில்லை. இந்தப் பாலத்துப் பக்கம் அவன் வந்தே எட்டு வருடம் ஆகிறது.

அன்று மழை. இரவல் வாங்கிய ஸ்பேனரைத் தொலைத்துவிட்டு வந்த தம்பியிடம், “எங்கயாவது போய்த் தொலை, என் கண்ணுல முழிக்காத” என்று கத்தினான். குடைகூட எடுக்காமல் நடந்த பிள்ளை, மறுநாள் இந்தப் பாலத்துக்குக் கீழே பாறைமேல் பிணமாகக் கிடந்தான்.

வண்டி ஏதாவது தட்டியிருக்குமோ என்று விசாரித்தார்கள். “எந்த மழையிலயும் லாரிச் சத்தம் என் காதுக்குத் தப்பாது. அன்னிக்கு ஒரு வண்டியும் வரல” என்று பாலத்தை ஒட்டிய பம்ப் ஹவுஸின் காவலாளி அடித்துச் சொன்னார். அப்புறம் என்ன, குதித்துவிட்டான் என்றே முடிவாயிற்று.

“உன் வாய்தான் என் புள்ளையத் தள்ளிவிட்டுச்சு” என்றாள் அம்மா. அதுதான் அவனிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு. தட்டில் சோறு வரும், துவைத்த சட்டை வரும், பேச்சு வராது. போன் செய்தால் எடுப்பாள், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பெற்ற வயிறு, அவளைத்தான் என்ன சொல்ல?

கரண்டு குனிந்து மடியைப் பார்த்தான். காயிலுக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு கிளை இழுத்து, மடியில் சின்ன பல்பு மாட்டி வைத்திருந்தான். பாலத்துச் சுவரைப் பார்க்காமல் இருக்கவும் அது உதவியது. பல்பு அணைந்து கிடந்தது.

“காயிலுக்கே சப்ளை வரல அண்ணே. பேட்டரிக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிறது சாவி ஒண்ணுதான். வண்டியத் திருப்புங்க, இன்னொரு தடவை போவோம்.”

“உனக்கென்ன கிறுக்கா?”

“நான் கூடத்தானே இருக்கேன். செத்தா சேர்ந்தே சாவோம், வாங்க.”

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒன்றுமே நடக்காததுபோல் பிடித்துக்கொண்டது. பாலத்தைத் திரும்பக் கடந்து இறக்கத்தின் உச்சிவரை போய்த் திரும்பி வந்தார்கள். இந்த முறை கரண்டு பல்பைப் பார்க்கவில்லை, சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறக்கம் வந்தது. டிரைவரின் கண் சாலையிலேயே இருந்தது. அவர் இடது கை மட்டும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, ஊர்ந்து போய்ச் சாவியை அணைத்தது.

“பாத்தியா! நின்னுடுச்சு!” என்று அலறினார்.

“அண்ணே, கை எங்க இருக்குன்னு பாருங்க.”

சாவிமேல் இருந்த தன் கையை யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். லாரி ஓசையில்லாமல் பாலத்தைக் கடந்து மேட்டில் நின்றது.

“பழைய பழக்கம்” என்றார் மெல்ல. “இறக்கத்துல இன்ஜினை அணைச்சு உருட்டி விட்டா பெட்ரோல் மிச்சம். அந்தக் காலத்து டிரைவர் எல்லாரும் செய்றதுதான். நான் அதை விட்டு எட்டு வருஷம் ஆச்சு. இந்தப் பாலத்தையே விட்டுட்டு சுத்து வழியிலதான் போயிட்டிருந்தேன். அந்த ரோட்டைத் தோண்டிப் போட்டதாலதான் போன வாரம் இந்தப் பக்கம் திரும்பினேன்.”

“எதுக்கு விட்டீங்க?”

டிரைவர் சாவிமேலிருந்து கையை எடுத்தார்.

“சத்தமில்லாம வண்டி வந்தா நடக்குறவனுக்கு எப்படித் தெரியும், சொல்லு? அன்னிக்கு நல்ல மழை. பொழுது சாயலையேன்னு லைட்டும் போடல. இந்தப் பாலத்து மேலதான் ஏதோ தட்டுச்சு. மாடுன்னு நெனச்சேன்...” தலையை ஆட்டினார். “இல்ல. மாடுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

கரண்டு அப்போதுதான் தலையைத் தூக்கிப் பாலத்துச் சுவரைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

“போலீசுக்கா?” என்றார் டிரைவர். தடுக்கிற எண்ணம் அவர் குரலில் இல்லை.

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். வழக்கம்போல் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“அம்மா... தம்பி குதிக்கலம்மா.”