சாய்ந்து நடந்தவன்

ஸ்டேஷன் முற்றத்தில் ஊரிலிருந்த நொண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

மூன்றாவதாக நின்றவர் அம்சவல்லியின் அப்பா ரெத்தினம். இடது கையில் கஞ்சித் தூக்கு வைத்திருந்தார்.

காலையில் அதை வாய்வரை நிரப்பிக் கொடுத்தவள் அம்சவல்லிதான். குடிப்பதற்காக அல்ல, நடப்பதற்காக.

சிவசங்கரன் பண்ணைக் களத்தில் நெற்கட்டுப் போர் எரிந்துபோனது. போரடியில் படுத்திருந்த காவல்காரர் சிங்காரவேலுவும் சேர்ந்து எரிந்துபோனார். பக்கத்து வாய்க்காலில் ஒரு மண்ணெண்ணெய் டின் கிடந்தது.

தீப்பிடிப்பதற்குச் சற்று முன்னால் ஒருவன் வரப்பில் சாய்ந்து நடந்து களத்துப் பக்கம் போனதை, கொல்லையில் நின்ற சிவசங்கரனின் மனைவி மதுரம் நிலா வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். முகம் தெரியவில்லை. சாய்ந்து நடந்தான் என்றால் நொண்டிதான். அதற்குமேல் யோசிக்கப் போலீசுக்குச் சம்பளம் கிடையாது.

அதிலும் ரெத்தினத்துக்குக் காரணம் கைவசம் இருந்தது. தலைமுறையாக அவர் குடும்பம் குத்தகைக்கு உழுத நிலத்தைப் போன கோடையில்தான் சிவசங்கரன் பிடுங்கிக்கொண்டார். உழுதவனுக்கே நிலம் என்று மேடைதோறும் முழங்கியவர்களின் ஆட்சிதான் நடந்தது. எதிர் டீக்கடையில் அவர்கள் கொடி பறந்ததே தவிர, நிலம் திரும்பி வரவில்லை.

ஆனால் தீப்பிடித்த இரவில் அப்பா காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தார். விடுமுறைக்கு வந்திருந்த அம்சவல்லி பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் இளையபெருமாள் தேங்காய் வெட்டுக்குப் பட்டுக்கோட்டை போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான், மறுநாள்தான் வந்தான். பெற்ற மகள் சொல்கிற சாட்சியை யார் கேட்கப்போகிறார்கள்? ஏழை சொல் அம்பலம் ஏறாது.

அதனால் தஞ்சாவூரில் பிசியோதெரபி படிக்கிற பெண் தன் படிப்பையே நம்பினாள்.

இடுப்பின் வெளிப்பக்கத்தில் விசிறி மாதிரி விரிந்த ஒரு தசை இருக்கிறது. ஒரு காலில் நிற்கிறபோது மறுபக்க இடுப்பு இறங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். பாரவண்டியிலிருந்து விழுந்த நாள் முதல் ரெத்தினத்துக்கு இடதுபக்கத் தசை செத்துப்போயிருந்தது. அதனால் இடது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பை அந்தப் பக்கம் சாய்த்துக்கொள்வார். வலது காலுக்கு வந்ததும் நிமிர்வார். சாய்வது, நிமிர்வது, மறுபடி சாய்வது. பதினைந்து வருட நடை அது.

இடது கையில் கனமாக எதையாவது கொடுத்தால் தசை செய்ய வேண்டிய வேலையில் பாதியை அந்தக் கனம் செய்துவிடும். உடம்பு சாயத் தேவையில்லை.

வீட்டுக் கொல்லையில் பழக்கினாள். அப்பா சீக்கிரமே பிடித்துக்கொண்டார். தூக்கோடு நேராக நடந்து வந்தவரைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா இப்படி நிமிர்ந்து நடந்து பார்த்து எத்தனை காலமாயிற்று!

முற்றத்தில் முதல் ஆள் நடந்தார். மதுரம் உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவது ஆளுக்கும் அதுவேதான். இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல் வந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எப்படி நடந்தான்?"

"நடுவுல அறுக்காத தாளடி நெல்லு நின்னுது. இடுப்புக்கு மேலதான் தெரிஞ்சான்" என்றாள் மதுரம். "இடது பக்கமா சாஞ்சுண்டே போனான். நிமிரவே இல்லை."

முற்றத்து ஓரமாக நின்ற அம்சவல்லிக்குப் பொறி தட்டியது.

நொண்டி நிமிராமல் போக மாட்டான். அடுத்த காலுக்கு நிமிர்ந்தே ஆக வேண்டும். சாய்ந்தது சாய்ந்தபடியே போகிறவனுக்குக் காலில் ஒரு குறையும் இல்லை. வலது கையில் பாரம் இருக்கிறது, அவ்வளவுதான். நிறைந்த மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கினால் எந்த ஆரோக்கியமான ஆளும் அப்படித்தான் போவான்.

தூக்கே வேண்டாம். அப்பா அவருடைய நடையையே நடந்து காட்டினால் போதும், தப்பித்துவிடுவார். இன்ஸ்பெக்டருக்குப் புரியும்படி இரண்டு வார்த்தை அவள் சொன்னால் போதும்.

"அண்ணே, அது நொண்டியே இல்ல" என்று பக்கத்தில் நின்ற இளையபெருமாளிடம் கிசுகிசுத்தாள். "வலது கையில டின்னத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கான். நான் போயி சொல்றேன்."

அதற்குள் ரெத்தினத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ரெத்தினம் தூக்கைத் தரையில் வைத்தார். மதுரம் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. திரும்பி ஒரு தடவை பிள்ளைகள் நின்ற பக்கம் பார்த்தார். பார்வை மகளைத் தாண்டி மகனிடம் போய் நின்றது.

பிறகு நடந்தார்.

முதல் அடியிலேயே இடது பக்கம் சாய்ந்தார். வலது காலை ஊன்றியபோது நிமிரவில்லை. அடுத்த அடிக்கும் நிமிரவில்லை. அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அப்படி நடப்பது என்ன வேதனை என்று அங்கே அம்சவல்லி ஒருத்திக்குத்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, முற்றத்தின் அந்தக் கோடி வரைக்கும் சாய்ந்தபடியே போனார்.

"இவனேதான்!" என்று மதுரம் கத்தினாள்.

அம்சவல்லி வாயைத் திறந்தவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

இளையபெருமாள் அப்பாவைப் பார்க்கவில்லை. டின் கம்பி அறுத்த காயம் இன்னும் ஆறாத தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.